முதலில் வால்வு, அப்புறம் குழாய்

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறேன். இரண்டு பேர் உட்காரும் தாழ் இறக்கை விமானம் ஒன்றை, கிட் வாங்கி வீட்டு கராஜில் கட்டி வருகிறேன். இறக்கைகள் முடிந்துவிட்டன, உடற்பகுதி பாதியில் நிற்கிறது. எஞ்சின் 160 குதிரைத்திறன் லைக்கமிங் ஓ-320, கார்புரேட்டர் வகை. அடுத்த வேலை எரிபொருள் குழாய்கள். கிட்டோடு வந்த வரைபடத்தைக் கொஞ்சம் மேம்படுத்தி நானே ஒரு படம் போட்டிருக்கிறேன், இணைத்துள்ளேன். விமானி அறைக்குள் பெட்ரோல் வரக் கூடாது என்பதற்காக, டேங்க் மாற்றும் வால்வை இருக்கைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். நான் ஓட்டப் பழகிய செஸ்னா 172-இல் இருப்பதுபோல் இரண்டு டேங்கிலிருந்தும் ஒரே நேரத்தில் எடுக்கும் 'போத்' நிலையும் வேண்டும். கூடுதலாக மூன்று ஃபில்டர், டேங்குக்குத் திரும்பும் குழாய் ஒன்று, ஒரு ஃப்ளோ சென்சார். அலுமினியக் குழாயை வளைக்கப் பயமாக இருப்பதால் முழுக்க ரப்பர் ஹோஸ் போட்டுவிடலாமா? கார் பெட்ரோல் ஊற்றலாமா? வேலையை எங்கிருந்து தொடங்குவது?

பதில்: படம் தெளிவாக இருக்கிறது, அளவுகள்கூடப் போட்டிருக்கிறீர்கள். ஆனால் கிட் நிறுவனத்தின் படத்துக்கு மேல் நீங்கள் சேர்த்திருக்கும் ஐந்து விஷயங்களில் நான்கை அடித்துவிடச் சொல்லப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். சொந்தமாக விமானம் கட்டுகிறவர்கள் எரிபொருள் அமைப்பில் கைவைத்து 'மேம்படுத்துவது' எங்கள் தொழிலில் பழகிப்போன காட்சி. பெயின்டில், இருக்கை உறையில், கருவிப் பலகையில் உங்கள் கைவண்ணத்தைக் காட்டுங்கள். டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரையுள்ள வழி மட்டும், அதே மாடலில் ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கும் விமானங்களில் இருப்பதைப் போலவே, சலிப்பூட்டும் அளவுக்குச் சாதாரணமாக இருக்கட்டும்.

அமெரிக்காவில் போக்குவரத்து விபத்துகளை விசாரிக்கும் வாரியமான என்டிஎஸ்பி 2012-இல், வீட்டில் கட்டப்பட்ட விமானங்களின் பாதுகாப்பு பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. விபத்துகளில் முன்னால் நின்றவை இரண்டு: எஞ்சின் சக்தி போவது, விமானம் பறக்கும்போது கட்டுப்பாட்டை இழப்பது. பறக்கச் சான்றிதழ் கேட்பவர்கள் எரிபொருள் அமைப்பைச் சோதித்து அறிக்கை தர வேண்டும் என்பது அந்த ஆய்வின் பரிந்துரைகளில் ஒன்று. எஞ்சின் நின்றுபோனது என்று கேட்டதும் நமக்குப் பிஸ்டனும் மேக்னெட்டோவும்தான் நினைவுக்கு வரும். பல நேரம் எஞ்சினில் ஒரு குறையும் இருக்காது. பெட்ரோல் போய்ச் சேர்ந்திருக்காது, அவ்வளவுதான்.

வால்விலிருந்து ஆரம்பிக்கிறேன். நீங்கள் தொடங்க வேண்டிய இடமும் அதுதான்.

பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று, கலிபோர்னியாவில் பசிஃபிக் குரோவ் கரையை ஒட்டி மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். அவர் ஓட்டியது பர்ட் ரூட்டன் வடிவமைத்த லாங்-ஈஸி. வேறொருவர் கட்டி, பின்னர் அவர் கைக்கு வந்த விமானம். ரூட்டனின் வரைபடத்தில் டேங்க் மாற்றும் வால்வு விமானியின் கால்களுக்கு நடுவே, கண்ணெதிரில் இருக்கும். கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். காரணம், விமானி உட்காரும் இடத்துக்குள் பெட்ரோல் குழாய் வரக் கூடாது என்பதுதான். நீங்கள் எழுதியிருக்கும் அதே காரணம்.

அந்த வால்வைத் திருப்ப வேண்டுமானால் உடம்பைப் பின்பக்கமாகத் திருப்பிக் கையை நீட்ட வேண்டும். அப்படித் திரும்பும்போது வலது கால் தன்னையறியாமல் ரடர் பெடலை (மூக்கை இடம் வலமாகத் திருப்பும் மிதியை) மிதிக்கும். கைப்பிடி எட்டவில்லை என்பது டென்வருக்கும் தெரிந்தே இருந்தது. பறப்பதற்கு முன் வைஸ்-கிரிப் இடுக்கியைக் கைப்பிடியில் மாட்டி நீட்டிப் பார்த்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் திருப்பினால் எந்த டேங்க் என்று வால்வில் குறியும் இல்லை. அளவு காட்டும் கண்ணாடிக் குழாய்களும் முதுகுப் பக்கம். கிளம்பும்போது அவர் பெட்ரோல் போட்டுக்கொள்ளவும் இல்லை. என்டிஎஸ்பி தன் முடிவில் விமானியின் கவனம் சிதறியதையும், பெட்ரோல் நிரப்பாமல் கிளம்பியதையும் காரணமாக எழுதியது. கட்டியவர் வால்வை எட்டாத இடத்தில் குறியில்லாமல் வைத்ததையும் விபத்துக்குத் துணைபோன காரணிகளில் சேர்த்தது. கட்டியவரின் எண்ணத்தைக் குறை சொல்ல முடியாது. இடம்தான் தப்பு.

ஆகவே இன்றைக்கே செய்யக்கூடிய வேலை இது. உடற்பகுதிக்குள் இருக்கையைப் போட்டு உட்காருங்கள். பெல்ட்டை இறுக்கிக்கொள்ளுங்கள், தோள்பட்டையும் சேர்த்து. பார்வை நேர் எதிரே இருக்கட்டும், ஒரு கை ஸ்டிக்கில். இன்னொரு கை தலை திரும்பாமல் எங்கே போய் விழுகிறதோ அங்கே வால்வு. இரண்டு பேர் உட்காரும் விமானத்தில் அது பெரும்பாலும் நடுவில் தரையிலோ, முன்பலகைக்குக் கீழேயோ அமையும். கைப்பிடியின் முனை எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்க டேங்க் திறந்திருக்க வேண்டும். இடதிலிருந்து வலதுக்குப் போகும் வழியில் 'ஆஃப்' குறுக்கே வரக் கூடாது. ஆஃப் போக வேண்டுமானால் ஒரு குமிழைத் தூக்கவோ அழுத்தவோ வேண்டியிருக்க வேண்டும். தொழிற்சாலையில் கட்டிச் சான்றிதழ் பெற்ற சிறிய விமானங்களுக்கு அமெரிக்க அரசின் பழைய பார்ட் 23 விதி இதைக் கட்டாயமாகச் சொல்லியிருந்தது. உங்கள் விமானம் எக்ஸ்பெரிமென்டல் வகை, அந்த விதி உங்களைக் கட்டாது. ஆனாலும் அதைப் பின்பற்றுங்கள்.

உள்ளே பெட்ரோல் வந்துவிடுமே என்ற பயத்துக்கும் வழி இருக்கிறது. முழுசாக, மூட்டில்லாமல் ஓடும் குழாயைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். கசிவு பெரும்பாலும் வருவது மூட்டில். இறக்கையின் வேரிலிருந்து வால்வு வரை ஒரே துண்டாக, இடையில் ஒரு இணைப்பும் இல்லாமல் கொண்டுவாருங்கள். வால்வில் மட்டும் மூட்டுகள் இருக்கும். அவற்றை நீங்கள் எந்நேரமும் தொட்டும் முகர்ந்தும் பார்க்கலாம். இருக்கைக்குப் பின்னால் மறைத்துவைத்த வால்வில் கசிந்தால் வருடாந்தர ஆய்வு வரைக்கும் தெரியாது.

அடுத்து 'போத்'. இதை வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம், ஆனால் செஸ்னாவில் இருப்பது உங்களுக்கு ஏன் கூடாது என்று தெரிந்தால்தான் மனம் ஆறும். செஸ்னா 172-இல் டேங்குகள் தலைக்கு மேலே. பெட்ரோல் தன் எடையால் தானே கீழே இறங்குகிறது. ஒரு டேங்க் காலியானாலும் மற்றதிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும். உங்களுடையதில் டேங்குகள் எஞ்சினுக்குக் கீழே. பம்ப் உறிஞ்சி எடுக்க வேண்டும். இரண்டு ஸ்ட்ராவை வாயில் வைத்து, ஒன்றை இளநீருக்குள்ளும் இன்னொன்றை வெளியே காற்றிலும் விட்டு உறிஞ்சிப் பாருங்கள். காற்றுதான் வரும், இளநீர் ஏறாது. ஒரு பக்க டேங்க் காலியான நொடியில் உங்கள் பம்புக்கும் அதே கதி. மறுபக்கத்தில் பத்து கேலன் இருக்கும், எஞ்சின் நிற்கும். தாழ் இறக்கைக்கு இடது, வலது, ஆஃப், இவ்வளவுதான்.

உறிஞ்சுவது என்று சொன்னேன் இல்லையா, இந்த அமைப்பின் பலவீனமே அதில்தான் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பெட்ரோலைத் தள்ளினால் அது எவ்வளவு தூரமும் சமர்த்தாகப் போகும். இழுத்தால் முரண்டு பிடிக்கும். இழுக்கும் பக்கத்தில் குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைகிறது. அவ்காஸை, அதாவது விமானப் பெட்ரோலை, சுமார் 38 அங்குலம் மேலே தூக்க 1 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம்) செலவாகும். அதோடு வளைவுகள், ஃபில்டர்கள், வால்வு எல்லாம் தம் பங்குக்குக் கொஞ்சம் பிடுங்கிக்கொள்ளும். உயரே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தமே குறைகிறது: கடல் மட்டத்தில் 14.7 பிஎஸ்ஐ, 10,000 அடியில் ஏறக்குறைய 10. எஞ்சின் அறைக்குள் குழாய் சூடாகிறது. மூன்றும் சேரும் இடத்தில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே குமிழ் விடத் தொடங்கும். பம்ப் குமிழைப் பிடித்துக்கொண்டு சும்மா அடித்துக்கொண்டிருக்கும். வேப்பர் லாக் என்பது இதுதான்.

அதனால் படத்தை எடுத்து, டேங்கிலிருந்து எலெக்ட்ரிக் பம்ப் வரையுள்ள பகுதியைச் சிவப்பில் வரையுங்கள். அந்தச் சிவப்புக் கோடு எப்போதுமே இழுவைப் பகுதி. அது முடிந்தவரை குட்டையாக, நேராக, குளிர்ந்த இடத்தில், எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக இருக்க வேண்டும். எலெக்ட்ரிக் பம்பை வால்வுக்குப் பக்கத்திலேயே தரையில் வைக்கச் சொல்வது இதற்காகத்தான். நீங்கள் அதைத் தூக்கி ஃபயர்வாலில் (எஞ்சின் அறையைப் பிரிக்கும் தீத்தடுப்புச் சுவரில்) உயரமாக மாட்டியிருக்கிறீர்கள், கீழே இறக்குங்கள். எஞ்சினோடு சேர்ந்த மெக்கானிக்கல் பம்பும் இதுவும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர் வரிசையில் இருக்கட்டும். டேக்-ஆஃப், லேண்டிங், டேங்க் மாற்றும் நேரங்களில் எலெக்ட்ரிக் பம்ப் ஓடும், அப்போது எஞ்சின் வரைக்கும் தள்ளுவிசை. அணைத்திருக்கும்போதும் பெட்ரோல் அதன் வழியாகத் தடையில்லாமல் போகும் வகையைத்தான் வாங்க வேண்டும்.

இழுவைப் பகுதியில் இன்னொரு தந்திரக் குணம் உண்டு. அங்கே மூட்டு லேசாகத் தளர்ந்தால், பம்ப் இழுக்கும்போது பெட்ரோல் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போகும். அவ்காஸின் நீலக் கறை பெரும்பாலும் இருக்காது, வாடையும் இருக்காது. எஞ்சின் எப்போதாவது ஒரு முறை இருமும், பிரஷர் முள் நடுங்கும், தரையிறங்கிப் பார்த்தால் எல்லாம் உலர்ந்திருக்கும். கார்புரேட்டரைக் கழற்றி மாட்டி, மேக்னெட்டோவை மாற்றி, காசு கரைந்த பிறகு கடைசியில் இறக்கை வேரில் ஒரு நட் பாதி இறுக்கத்தில் கிடைக்கும். அந்தச் சிவப்புக் கோட்டில் எத்தனை மூட்டு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் படத்தில் பதினாறு வருகிறது; கிட் படத்தில் எட்டு.

இரண்டு மடங்கானதற்குப் பெரிய காரணம் உங்கள் மூன்று ஃபில்டர்கள். டேங்குக்குள் உறிஞ்சும் முனையில் ஏற்கெனவே ஒரு வலை இருக்கிறது. அங்குலத்துக்கு 8 முதல் 16 கண்கள் கொண்ட முரட்டு வலை. எலெக்ட்ரிக் பம்புக்கு முன்னால் கிட் படத்தில் கழுவக்கூடிய உலோக வலை ஃபில்டர் ஒன்று. ஃபயர்வாலில் கேஸ்கோலேட்டர் (தண்ணீரும் தூசியும் அடியில் தங்கும் சிறு கிண்ணம்), அதற்குள்ளும் வலை. போதும். நீங்கள் சேர்த்திருக்கும் காகித ஃபில்டர்கள் காருக்கானவை. தண்ணீர் பட்டால் காகிதம் ஊதி அடைத்துக்கொள்ளும். குளிரில் அந்தத் தண்ணீர் உறைந்தால் கேட்கவே வேண்டாம். மூன்றையும் எடுத்துவிடுங்கள், ஆறு மூட்டுகளும் கூடவே போய்விடும்.

திரும்பும் குழாயும் வேண்டாம். ரோட்டாக்ஸ் 912-க்கோ எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷனுக்கோ அது தேவை. கார்புரேட்டர் வைத்த லைக்கமிங்குக்குத் தேவையில்லை. போட்டால், எடுத்த டேங்குக்கே திருப்பி அனுப்ப வால்வும் இரட்டை வால்வாக வேண்டும்.

ஃப்ளோ சென்சார் இருக்கட்டும். அது ஒன்றுதான் நான் விட்டுவைப்பது. மிச்சம் எவ்வளவு என்று டேங்க் முள்ளைவிட நம்பிக்கையாகச் சொல்லும். ஆனால் இழுவைப் பகுதியில் வைக்காதீர்கள். தயாரிப்பாளர் சொல்லும் நிலையில், முன்னும் பின்னும் கொஞ்ச தூரம் வளைவில்லாமல் மாட்டுங்கள். அதோடு பிரஷர் சென்சாரைப் பற்றி ஒரு வார்த்தை. படத்தில் அதை எஞ்சின் பம்பில் பித்தளை ஃபிட்டிங் வைத்து நேராகத் திருகியிருக்கிறீர்கள். எஞ்சின் அதிர்வில் அந்தக் கனமான சென்சார் ஆடி ஆடிப் பித்தளை முறியும், சூடான எக்ஸாஸ்ட் மேல் பெட்ரோல் பீய்ச்சும். சென்சாரை ஃபயர்வாலில் பொருத்தி, நடுவே மெல்லிய ஹோஸ் போடுங்கள். பம்ப் முனையில் துளை குறுக்கிய ஃபிட்டிங், 0.040 அங்குலத் துளை போதும். துளை சிறிதானாலும் முள் சரியாகவே காட்டும்; ஹோஸ் அறுந்தால் பெட்ரோல் மெல்லிய கீற்றாகத்தான் வரும்.

சரி, ரப்பர் ஹோஸ். கூடாது. ஹோஸ் என்பது ஆடும் பொருளையும் ஆடாத பொருளையும் இணைக்க. உங்கள் விமானத்தில் அப்படிப்பட்ட இடம் ஃபயர்வாலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே மட்டும். அங்கே டெஃப்லான் உள்சுவரும் ஸ்டீல் பின்னலும் கொண்ட விமான ஹோஸ், மேலே ஃபயர் ஸ்லீவ் என்னும் தீ தாங்கும் உறை. 5 முதல் 8 சதவீதம் தொய்வு விட்டு மாட்டுங்கள், ஸ்டார்ட் செய்யும்போதும் அணைக்கும்போதும் எஞ்சின் எப்படிக் குலுங்குகிறது என்று பார்த்தால் ஏன் என்று புரியும். ஃபயர்வாலைத் தாண்டும் ஃபிட்டிங் ஸ்டீலாக இருக்க வேண்டும். அழகான நீல அலுமினிய ஃபிட்டிங் தீப்பிடித்தால் நிமிடக் கணக்கில் உருகிவிடும். ஃபயர்வாலுக்கு விமானி அறைப் பக்கம் முழுவதும் அலுமினியக் குழாய்: 5052-ஓ வகை, 3/8 அங்குல வெளிவிட்டம், 0.035 அங்குலச் சுவர். 3003 இன்னும் மெத்தென்று வளையும் என்று யாராவது சொல்வார்கள். வளையும்தான், ஆனால் அதை வென்ட் குழாய்க்கு (டேங்குக்குள் காற்று விடும் குழாய்க்கு) வைத்துக்கொள்ளுங்கள்.

வளைப்பதற்குப் பயப்பட ஒன்றுமில்லை. கையால் முழங்காலில் வைத்து வளைத்தால்தான் நசுங்கும். 3/8 அங்குலத்துக்கான கை பெண்டர் ஒன்று வாங்குங்கள். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏவின் ஏசி 43.13-1பி கையேட்டில் இந்தக் குழாய்க்குக் குறைந்தபட்ச வளைவு ஆரம் 15/16 அங்குலம் என்று இருக்கிறது, பெண்டரும் அதே அளவில் கிடைக்கும். வளைந்த இடம் நசுங்கி முக்கால் விட்டத்துக்குக் கீழே போனால் தூக்கிப் போடுங்கள். இருபது அடிக் குழாய் கூடுதலாக வாங்கிக்கொண்டால் பயம் தானாகப் போய்விடும், கெட்டால் அடுத்த துண்டு. முதலில் வெல்டிங் கம்பியை வளைத்து அச்சு எடுங்கள். விமானத்துக்குள் பொருத்திப் பார்த்துத் திருத்தி, அப்புறம் அதைப் பார்த்துக் குழாயை வளைக்கலாம். திருப்பம் வரும் இடத்திலெல்லாம் 90 டிகிரி எல்போ போட்டிருக்கிறீர்களே, குழாயையே வளைத்தால் ஒவ்வொன்றிலும் இரண்டு மூட்டு மிச்சம். ஓட்டத்துக்கும் தடை குறைவு.

முனையை விரிக்கும் ஃப்ளேர் கருவி 37 டிகிரி வகையாக இருக்க வேண்டும். கார் கடையில் கிடைப்பது 45 டிகிரி. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, நட்டும் ஏறும், முதல் நாள் கசியவும் செய்யாது. சில மாத அதிர்வில் வெடிப்பு விடும். குழாயை வெட்டியதும் உள்விளிம்பையும் வெளிவிளிம்பையும் மழித்து, நட்டையும் ஸ்லீவையும் முதலில் குழாயில் ஏற்றிவிட்டு, அப்புறம் விரியுங்கள். இந்த வரிசையை மறக்காத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. 3/8 அலுமினியத்துக்கு இறுக்கம் 75 முதல் 125 அங்குல-பவுண்டு. கசிந்தால் மேலும் இறுக்காதீர்கள். கழற்றி ஃப்ளேரைப் பாருங்கள், ஒரு பக்கம் கோணலாகவோ கீறலோடோ இருக்கும்.

ஃப்ளேர் மூட்டில் எந்தப் பசையும் தேவையில்லை. கூம்பாக இறங்கும் என்பிடி மரையில் மட்டும், பெட்ரோல் தாங்கும் பசையைத் துளி தடவலாம், முதல் இரண்டு மரையை விட்டுவிட்டு. டெஃப்லான் டேப் கராஜிலேயே இருக்க வேண்டாம். அதன் ஒரு கிழிசல் போய்க் கார்புரேட்டரில் உட்கார்ந்தால் போதும்.

குழாய் போகும் வழியைப் பற்றிப் பொதுவாக: இரண்டு நிலையான முனைகளுக்கு நடுவே ஸ்கேல் வைத்ததுபோல் நேராகக் குழாய் போடக் கூடாது. ஒரு மெல்லிய வளைவாவது வேண்டும். வெயிலில் நீளும்போதும் அதிரும்போதும் அதுதான் காப்பாற்றும். இறக்கை வேரில் இது இன்னும் முக்கியம். 16½ அங்குலத்துக்கு ஒன்று வீதம், குழாயைச் சட்டத்தோடு பிடிக்க ரப்பர் வைத்த ஏடெல் கிளாம்ப். மின்கம்பிகள் எப்போதும் பெட்ரோல் குழாய்க்கு மேலே ஓடட்டும், கீழே அல்ல. இடைவெளி ஆறு அங்குலம் கிடைத்தால் நல்லது, எக்காரணம் கொண்டும் அரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு ஸ்பேனர் நுழையுமா என்று பாருங்கள், ஒன்று பிடிக்க, ஒன்று திருக. தரைத்தகட்டை ரிவெட் அடித்து மூடிய பிறகு எட்டாத மூட்டு ஒன்றுகூட இருக்கக் கூடாது. உங்கள் படத்தில் அப்படி இரண்டு இருக்கின்றன, வலது இருக்கைக்கு அடியில்.

வென்ட் குழாயை நீங்கள் வரையவே இல்லை. எல்லோரும் மறப்பது இதைத்தான். டேங்கிலிருந்து பெட்ரோல் போகப் போகக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் கூடி, ஒரு கட்டத்தில் பம்ப் தோற்றுவிடும். விமானம் தரையிறங்கி நிற்கும் நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து நிரம்பிவிடுவதால், பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். ஒவ்வொரு டேங்குக்கும் தனித்தனி வென்ட். உடற்பகுதிக்குள் டேங்கைவிட உயரமாக ஏறி இறங்கி, அடிவயிற்றில் முன்பக்கம் பார்த்துத் திறக்க வேண்டும். முனையில் வலை வையுங்கள். டெக்சாஸில் மண்குளவிக்குப் பஞ்சமில்லை. ஒரே வாரத்தில் அதற்குள் வீடு கட்டிவிடும். பனியில் வாய் அடைத்தாலும் காற்று வர, வலைக்கு மேலே பின்பக்கம் பார்த்த ஒரு சிறு துளையும் போடுங்கள்.

கார் பெட்ரோல்: முதல் வருடம் வேண்டாம். எத்தனால் கலந்தது எப்போதுமே வேண்டாம். உங்கள் டேங்க் சீலன்டும் ரப்பர் வளையங்களும் அதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல. எத்தனால் இல்லாதது கிடைத்தாலும் ஆவி அழுத்தத்தைப் பாருங்கள்; அது வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தாண்டினால் பெட்ரோல் கொதிக்கும். அவ்காஸின் ரீட் ஆவி அழுத்தம் 5.5 முதல் 7.1 பிஎஸ்ஐக்குள் கட்டுப்படுத்தப்பட்டது. அளக்கும் வெப்பநிலை 100 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது உங்கள் ஊர் கோடை. குளிர்காலக் கார் பெட்ரோலில் அது 13-ஐத் தாண்டுவதும் உண்டு. 10,000 அடியில் காற்றழுத்தம் 10 என்றேனே, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் நிரப்பியதை ஏப்ரலின் முதல் சூடான நாளில் பறப்பவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள்.

கடைசியாகச் சோதனை. இதில் எந்தச் சுருக்கமும் வேண்டாம். 160 குதிரைத்திறனுக்கு, குதிரைத்திறன் ஒன்றுக்கு மணிக்கு 0.55 பவுண்டு என்று வைத்தால் முழு சக்தியில் 88 பவுண்டு, கேலன் கணக்கில் 14.7. 2017-க்கு முந்தைய பார்ட் 23 விதி பம்ப் அமைப்புக்கு 125 சதவீதம் கேட்டது. ஆக மணிக்கு 18.3 கேலன். கார்புரேட்டர் நுழைவில் ஹோஸைக் கழற்றி ஓர் உலோகக் கேனுக்குள் விடுங்கள். விமானத்தை ஹேங்கருக்கு வெளியே நிறுத்தி, விமானத்தையும் கேனையும் கம்பியால் இணைத்து எர்த் செய்து, தீயணைப்பானைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தரையில் நிற்கும் நிலையில் அளந்தால் போதாது: மூக்கைத் தூக்கி, இந்த விமானம் அதிகபட்சம் எந்தக் கோணத்தில் ஏறுமோ அந்தக் கோணத்தில் நிறுத்த வேண்டும். டேங்கில் இரண்டு மூன்று கேலன் மட்டும். எலெக்ட்ரிக் பம்பை ஓட்டினால் ஒரு கேலன் மூன்றே கால் நிமிடத்துக்குள் வர வேண்டும். வந்ததும் நிறுத்தாமல், ஓட்டம் அறும் வரை விடுங்கள். அப்புறம் டேங்கில் மிஞ்சியிருப்பதை வடித்து அளந்தால், அதுதான் அந்த டேங்கின் பயன்படாத எரிபொருள். இரண்டு பக்கமும் தனித்தனியாகச் செய்து, எண்களை லாக் புத்தகத்தில் எழுதுங்கள். மெக்கானிக்கல் பம்பை முதல் எஞ்சின் ஓட்டத்தில், எலெக்ட்ரிக் பம்பை அணைத்துவிட்டுப் பாருங்கள். கார்புரேட்டரில் பிரஷர் 0.5 பிஎஸ்ஐக்குக் குறையக் கூடாது, 8 பிஎஸ்ஐயைத் தாண்டக் கூடாது.

சோதனைக்கு முன்னால் டேங்குகளைக் கழுவுவதை மறக்காதீர்கள். புது டேங்கில் துளைபோட்ட அலுமினியத் தூளும் சீலன்ட் துணுக்கும் கட்டாயம் இருக்கும். ஃபில்டரைத் திறந்து, வலை சுத்தமாக வரும் வரை திரும்பத் திரும்ப ஓட விடுங்கள். எஞ்சினை முதலில் சில தடவை ஓட்டிய பிறகும் ஒரு தரம் திறந்து பாருங்கள். கட்டிக்கொண்டிருக்கும் காலத்தில் திறந்திருக்கும் ஒவ்வொரு குழாய் முனைக்கும் பிளாஸ்டிக் மூடி போடுங்கள், மாஸ்கிங் டேப் வேண்டாம், அதன் பசை உள்ளே போகும்.

சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களின் சங்கமான ஈஏஏவின் உங்கள் பகுதிக் கிளையில் டெக்னிக்கல் கவுன்சிலர் ஒருவர் இருப்பார். காசு வாங்காமல் கராஜுக்கு வந்து பார்ப்பார்கள். தரைத்தகடு மூடுவதற்கு முன்னால் அவரைக் கூப்பிடுங்கள், மூடிய பிறகு அல்ல. இந்தப் பதிலுக்கும் கிட் கையேட்டுக்கும் எங்காவது முரண் வந்தால் கையேடு சொல்வதையே செய்யுங்கள்.

படத்தைத் திருத்தியதும் மறுபடியும் அனுப்புங்கள். இந்தமுறை வென்ட் குழாயையும் சேர்த்து வரைந்து, ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு எண் போட்டுவிடுங்கள். பெல்ட் கட்டி உட்கார்ந்த நிலையில் வால்வின் மேல் உங்கள் கை இருக்கும் போட்டோ ஒன்றும் வேண்டும்.